இருபத்தோராவது பின்னில் நெயில் பாலிஷ்

டை கட்டிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது முடியாது சார், புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் கடைசியில் இந்த ரக ஆட்கள் மெட்ராஸில் மூலைக்கு மூலை முளைத்திருந்தார்கள். பேர் சர்வீஸ் இன்ஜினீயர். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், பையில் ஒரு ஃப்ளாப்பி, வாயில் இரண்டே வாக்கியம். ஒன்று, "ஃபார்மேட் போடணும்." இன்னொன்று, "போர்டு போச்சு." இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஸ்கூட்டர் வாங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெற்றுக்கொண்டார்கள்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, ரிசல்ட்டுக்கும் வேலைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எண்ணூரில் ஃபவுண்டரி வேலை. வீடு திருவொற்றியூர். தினம் காலையில் பஸ்ஸில் தொங்கி ராயபுரம் வந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்துகொள்வேன். சம்பளம் என்று ஒன்று கிடையாது. மெஷினைத் தொட விட்டார்கள், அதுவே போதுமென்று இருந்தேன்.

சென்டர் என்று போர்டில் எழுதியிருந்ததே தவிர, கீழே பிளாஸ்டிக் பக்கெட் மொத்த வியாபாரம், மேலே மாடியில் ஏசி போட்ட ஒரு ரூம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. பக்கெட்டில் கெட்டிக்காரர். குடத்தைக் கையால் தட்டியே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது பக்தி ஒன்றுதான். செருப்பை வாசலில் விட வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்ததும் சாம்பிராணி காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் மெஷினுக்கு மூடி போட வேண்டும். அந்த மூடி மெரூன் கலர் ரெக்சினில் அளவெடுத்துத் தைத்தது. மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, கேபினெட்டுக்குத் தரை வரை தொங்குகிற மாதிரி ஒன்று. கேபினெட் மூடியின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்திருக்க மாட்டார்கள்.

இருந்த மூன்று மெஷினில் ஒன்று கொஞ்சம் நல்லது. முன்னூறு மெகாஹெர்ட்ஸ். அதில் வீடியோ கேசட்டை உள்ளே இழுக்கிற கார்டும், சிடி எழுதுகிற டிரைவும் இருந்தன. கல்யாண கேசட்டை விசிடி ஆக்கித் தருகிறோம் என்று அண்ணாச்சி புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்.

அந்த போர்டைப் பார்த்துத்தான் ஒரு புதன்கிழமை அந்தக் கப்பல்காரர் மேலே ஏறி வந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர், சரக்குக் கப்பலில் வேலை. தங்கச்சி கல்யாணம் மாதா கோயிலில் நடந்தபோது இவர் எங்கோ நடுக்கடலில். பத்து நாள் லீவில் வந்து, கேசட்டை ஒரே ஒரு தடவை, சொந்தக்காரர்கள் இருபது பேர் கத்திக்கொண்டிருக்கிற வீட்டில் நின்றுகொண்டே பார்த்திருக்கிறார்.

"சனிக்கெழம மத்தியானம் ஏறணும் நைனா. கப்பல்ல விசிடி பிளேயரு கீது, கேசட்டு ஓடாது. சிடியா போட்டுக் குடுத்துட்டீன்னா கேபின்ல குந்திக்கினு தனியா பாப்பேன். ஏறிட்டேன்னா திரும்பி வர ஒம்போது மாசம் ஆவும்" என்றார்.

ஒரு மணி நேரக் கேசட். அதை விசிடி ஆக்க எங்கள் முன்னூறுக்கு ஆறரை மணி நேரம் பிடிக்கும். அந்தக் கோடையில் ராயபுரத்தில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை கரண்ட் கட், மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை கட். யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், அதுவும் நல்ல மூடில் இருந்தால். இரவில் ஓட விடலாமென்றால், கீழே பிளாஸ்டிக் சரக்கு, நெருப்பு பயம். ஒன்பது மணிக்கு அண்ணாச்சி மெயினையே இறக்கிப் பூட்டிவிடுவார். ஆக, ஒரே மூச்சில் கிடைப்பது ஐந்து மணி நேரம். தேவை ஆறரை. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. புதன் மாலை ஒரு தடவை போட்டேன், ஒன்பது மணிக்கு மெயின் இறங்கியது. வியாழன் காலை போட்டேன், மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று.

அண்ணாச்சி பதறிப்போய் மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். டை வந்தது. உட்கார்ந்தது. செட்டிங்ஸ் திரையைத் திறந்தது.

"சார், இந்த போர்டுல ஸ்பீடு செட்டிங் லாக் பண்ணியிருக்கு. கம்பெனியே பண்ணினது. ஆட்டோன்னு கீழே இருக்கு பாருங்க. மாத்த முடியாது. வேணும்னா புது பிராசசர் போடலாம்."

அந்தத் திரையை நான் ஏற்கெனவே நூறு தடவை பார்த்திருந்தேன். மற்ற வரியெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஸ்பீடு வரி மட்டும் சாம்பல் நிறத்தில், அம்புக்குறி மேலே போனாலே தாண்டிக் குதித்துவிடும். போர்டில் வேகத்தை மாற்றுகிற ஜம்பர் முள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. முழு வேகத்துக்குப் போகத் தெரிந்த போர்டை வாங்கி, வாயைத் தைத்து விற்றிருந்தார்கள். வாங்குகிறவன் முட்டாள், அவன் கையில் குடுத்தால் கெடுத்துவிடுவான் என்ற எண்ணம். அதே எண்ணம்தான் டை முகத்திலும். முடியாது என்று சொல்லும்போது அவனுக்கு ஒரு துளி வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சென்டரில் இன்னொரு ஆள் உண்டு. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா எல்லாம் டைப் அடிக்கிற அக்கா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. என்னைவிட மூன்று வயது பெரியவள். டை போனதும் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏன்டா, ஒரு மணி நேரத்த மொத்தமா இன்னாத்துக்குப் போடற? ஆரம்பம், முடிவுன்னு ரெண்டு கட்டம் கீதே அந்த சாஃப்ட்வேர்ல. இருவது இருவது நிமிசமாப் போட்டுக்கினு போயேன். கரண்ட் போனா ஒரு துண்டுதானே போவும்?"

"அக்கா, இது இட்லி இல்ல, தட்டு தட்டா வேக வைக்க."

"இன்ஜினீயரு சொல்ட்டாருப்பா" என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் துண்டு போடுவது டைப்பிஸ்ட் வேலை. நான் அதற்கா படித்தேன்? பூட்டி வைத்த ஒன்றைத் திறந்து காட்ட வேண்டும். அதுவும் அந்த டைக்குக் காட்ட வேண்டும். கப்பல்காரரின் சனிக்கிழமை அப்போது எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

என் பையில் ஒரு பிரிண்ட்அவுட் இருந்தது. பிரவுசிங் சென்டரில் எடுத்து, மடித்து மடித்து மடிப்பில் எழுத்தே அழிந்துபோனது. விஷயம் இதுதான். அந்தக் காலத்து பிராசசர் வீடியோ கேம் கேசட் மாதிரி ஒரு அட்டை, போர்டில் செங்குத்தாகச் செருகியிருக்கும். அதன் அடியில் வரிசையாகத் தங்கப் பின்கள். அதில் ஒரு பின், குறிப்பாக இருபத்தோராவது, "நான் மெதுவான ஆள், அறுபத்தாறில் ஓட்டு" என்று போர்டிடம் சொல்லும். அந்த ஒரு பின்னை மறைத்துவிட்டால் போர்டு ஏமாந்துபோய் நூறில் ஓட்டும். முன்னூறு நானூற்றைம்பது ஆகும். செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம். கம்பெனி பூட்டு கதவில் தொங்கும், நாம் ஜன்னல் வழியாக உள்ளே போய்விடலாம்.

வியாழன் மாலை அண்ணாச்சி கீழே லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கேபினெட்டைத் திறந்தேன். வாரண்டி ஸ்டிக்கர் ஒரு தடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடற்காற்றில் அது என்றைக்கோ ஒரு பக்கம் உரிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. பூட்டினவர்களின் லட்சணம் அது.

"அக்கா, நெயில் பாலிஷ் இருக்கா?"

"இன்னாடா, பொண்ணு பாக்க வராங்களா?" ஆனாலும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரோஸ் கலர்.

முதல் தடவை எண்ணும்போது தப்பான முனையிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். மெஷின் உயிரே காட்டவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. அக்கா ரிமூவரையும் பஞ்சையும் மேஜை மேல் வைத்தாள். துடைத்து, சரியான முனையிலிருந்து எண்ணி, தீக்குச்சி நுனியால் ஒரே ஒரு தொடல். காயட்டும் என்று ஏசி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். செருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 450 என்று வந்தது.

இப்போது எழுதும்போதும் இந்த ஒரு இடத்தில் அந்த எண்ணை எழுத்தால் எழுத மனம் வரவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லாத்தான் கீது" என்றாள். "அண்ணாச்சி கைல ஒரு வார்த்த சொல்லிரு."

"அவருக்கு இன்னா புரியும்?"

சொல்லவில்லை. பக்கெட் விற்கிறவரிடம் கிளாக் ஸ்பீடு பற்றி என்ன பேசுவது?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. பத்து ஐந்துக்கு ஆரம்பித்தேன். திரையில் மீதி நேரம் நான்கு மணி இருபது நிமிஷம். கணக்கு பிசகவில்லை. இரண்டரைக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் பாதியை நெருங்கிவிட்டது. எனக்கு உள்ளே உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடமாவது என்றால் டையிடம்தான்.

தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஓடி, அவன் கம்பெனிக்குப் போன் போட்டேன். அவனே எடுத்தான்.

"சார், ராயபுரத்துலேருந்து பேசறேன். முடியாதுன்னு சொன்னீங்களே, அந்த மெஷின் இப்ப நானூத்தியம்பதுல ஓடிக்கினு கீது."

"பின்னை மூடினியா?" என்றான்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே முடியாது என்று சொல்லியிருக்கிறான். எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"தெரிஞ்சிக்கினே புதுசு வாங்கச் சொன்னீங்களா? வெக்கமா இல்ல?"

"தம்பி, உங்க முதலாளி அந்த மெஷினை எப்படி வச்சிருக்கார்னு பார்த்தேன். அதனாலதான் சொல்லல. ஹீட்டைப் பார்த்துக்கோ. மேல எதுவும்…"

"உதார் வுடாத சார்" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். அந்த வைப்பில் இருந்த சுகத்துக்கு ஈடே இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு டீ குடித்தேன், பஜ்ஜி தின்றேன், டீக்கடைக்காரரிடம்கூட அந்த எண்ணைச் சொன்னேன். அவர் எந்த ரூட் பஸ் என்று கேட்டார்.

மாடி ஏறும்போதே சாம்பிராணி வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்திருந்தது.

ரூம் முழுக்கப் புகை. நடுவில் அண்ணாச்சி, கையில் தூபக்கால். மூன்று கேபினெட்டுக்கும் மெரூன் மூடி, பொட்டோடு. ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கும்தான். தரை வரை இழுத்துவிட்டு, புகை புகாமலிருக்கக் கீழ் ஓரத்தில் சணல் கயிறு வேறு சுற்றிக் கட்டியிருந்தார்.

"வாங்க தம்பி. பொக உள்ள போயிரப்பிடாதுன்னு நல்லா இறுக்கிக் கட்டிட்டேன், பாத்துக்கிடுங்க. வெளிநாட்டுக்குப் போற கல்யாணம்லா" என்றார்.

மானிட்டரில் மணமகனும் மணமகளும் கோயில் படியில் பாதிக் காலைத் தூக்கியபடி நின்றிருந்தார்கள். அறுபத்திரண்டு சதவீதம். மௌஸ் அசையவில்லை. கயிற்றைப் பிய்த்து மூடியை உருவினேன். உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. தகடு தொட முடியாமல் கொதித்தது. முன்னூறில் ஓடிய காலம் முழுக்க, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே மூடிக்குள் அது இப்படித்தான் அரைமணி நேரம் மூச்சடக்கிப் பிழைத்திருக்கிறது. நானூற்றைம்பதில் பிழைக்கவில்லை.

"என்ன தம்பி, எதும் தப்பாப் போச்சா?"

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது? வாரா வாரம் செய்கிறதைச் செய்திருக்கிறார். மாற்றினது நான். சொல்லாதது நான். அந்த ரூமில் முட்டாளைத் தேடினால், நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்க வேண்டிய இடத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஒரு பயோடேட்டாவை வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு சத்தமே போதுமாக இருந்தது.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் விண்டோஸ் எழவில்லை. நடுவில் உறைந்ததில் ஃபைல்கள் கெட்டிருந்தன. கேசட்டிலிருந்து இழுத்த கல்யாணத்தை இன்னொரு டிரைவில் வைத்திருந்ததால் அது மட்டும் தப்பித்தது. கடைசியில் நான் செய்ய வேண்டி வந்தது என்ன தெரியுமா? ஃபார்மேட் போடணும். அந்த வாக்கியத்தை அண்ணாச்சியிடம் என் வாயாலேயே சொன்னேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று, நான்கு மணிக்கு வந்தது. அட்டையைக் கழற்றி, பஞ்சால் ரோஸ் கலரைத் துடைத்து, முன்னூறுக்கே திரும்பினேன். இரண்டாம் தடவை முயல எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. விண்டோஸ், வீடியோ கார்டு டிரைவர், சிடி எழுதுகிற சாஃப்ட்வேர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்போது எட்டே முக்கால்.

அதற்கு நடுவில், ஆறு மணிவாக்கில், கப்பல்காரர் வந்தார். புது பேண்ட், முடி வெட்டிய கழுத்து.

"ரெடியா நைனா?"

நான் ஸ்க்ரூவை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அக்காதான் எழுந்து போனாள்.

"முழுசா ஆவலண்ணா. மெஷினு பேஜாராயிடுச்சி. நாளிக்கிக் காலீல ஏழுலேருந்து ஒம்போது வரிக்கும் கரண்ட் இருக்கும். நீங்களும் ஒம்போதுக்கு ஆர்பருக்குக் கெளம்பணுமே, அதுக்குள்ள ஒரு பாஞ்சு நிமிசம் போட்டுத் தரலாம். எந்த எடம் வேணும், சொல்லுங்க."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பாஞ்சு நிமிசமா?"

"அவ்ளதான்ண்ணா முடியும்."

நான் தலையைத் தூக்காமலே, "தாலி கட்றதப் போட்டுடலாம். அதான் முக்கியம்" என்றேன்.

"அத்த வுடு" என்றார் அவர். "தாலி கட்றது எல்லாக் கல்யாணத்துலயும் ஒரே மாரிதான் நைனா. பந்தி ஓடற எடம் வருதுல்ல, அதுல எங்கம்மா கையில சாம்பார் வாளிய வெச்சிக்கினு எல போட்டவங்க கிட்டல்லாம் பேசிக்கினே போவும். கேமராக்காரன் தொரத்திக்கினே போறான், அது அவன வையுது. சிரிச்சிக்கினே வையுது. அத்தப் போடு. அதுக்கு மேல எடம் இருந்தா தங்கச்சி வூட்ட வுட்டுக் கெளம்பறது."

சனிக்கிழமை ஏழு மணிக்கு அண்ணாச்சி மெயினைத் தூக்கும்போது அக்கா எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றிருந்தாள். என்னை நாற்காலியில் உட்கார விடவில்லை. அவளே உட்கார்ந்து, ஆரம்பக் கட்டத்தில் ஒரு நேரம், முடிவுக் கட்டத்தில் ஒரு நேரம் அடித்தாள். பதினைந்து நிமிஷப் படத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிடி வெளியே வந்தது. வியாழக்கிழமை அவள் சொன்னபடி துண்டு துண்டாகப் போட்டிருந்தால் வெள்ளி மத்தியானமே முழுக் கல்யாணமும் அவர் கையில் இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

கப்பல்காரர் பெட்டியோடு வந்தார். ஓடுகிறதா என்று பார்க்க அக்கா சிடியைப் போட்டாள். பந்தி. பெரிய உடம்பு, இடுப்பில் செருகிய பட்டுப்புடவை, கையில் வாளி. கேமரா கிட்டே போகப்போக அந்தம்மா கரண்டியை ஓங்குகிறார், வாய் நிறையச் சிரிப்பு. கப்பல்காரர் சரியாக அரை நிமிஷம் பார்த்திருப்பார்.

"போதும், நிறுத்தும்மா. இப்பவே பாத்துட்டா அங்க இன்னாத்தப் பாக்கறது."

சிடியைத் துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கேசட்டை மட்டும் எங்களிடமே விட்டார், முழுசாகப் போட்டு வைக்கச் சொல்லி, ஒன்பது மாதம் கழித்து வந்து வாங்கிக்கொள்வதாக. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்தார். தெருமுனை டீக்கடை இந்த ஊருக்கு எஸ்டிடி பூத்தைவிட வேகம்.

"டீக்கடையில சொன்னாங்க, இன்னாவோ நானூத்தியம்பது வுட்டியாமே. எங்கம்மா சாம்பார் வாளியத் தூக்கிக்கினு ஓடும் பாரு, அது ஸ்பீடு நைனா."

அண்ணாச்சி சிரித்தார், அக்கா சிரித்தாள். சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. ஏசி நின்ற அமைதியில் அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து, மெஷினுக்கு மெரூன் மூடியைப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிபண்ணினார். மறுபக்கத்து ஓரத்தை நான் இழுத்துவிட்டேன்.